சார்ஜரைப் பிடுங்கினா கரண்ட் பில் குறையுமா? வாளிக் கணக்குல பாக்கலாம்

[திரையில்: பிளக்குல சும்மா தொங்குற மொபைல் சார்ஜர்]

"சார்ஜரை அப்படியே விட்டு வைக்காத, கரண்ட் போகுது!" வீட்டுக்கு வீடு கேக்கிற டயலாக். போகுதுங்கிறது உண்மைதான். எவ்வளவு போகுதுன்னுதான் யாரும் சொல்ல மாட்டாங்க.

போன் மாட்டாத இந்தக் காலத்து சார்ஜர் இழுக்கிறது 0.1 வாட் அளவு. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 0.88 யூனிட். வருஷம் பூரா விட்டாலும் ஒரு யூனிட்டைத் தொடல! (கையில எடுத்தா கனமா, சும்மா இருக்கும்போதே சூடா இருக்கிற பழைய அடாப்டர் வேற கேஸ். அதைப் பிடுங்கிருங்க.)

[திரையில்: வாளி, தெர்மாமீட்டர்]

இப்போ 15 லிட்டர் தண்ணிய 20 டிகிரியில இருந்து 45 டிகிரிக்கு ஏத்துவோம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏத்த 4.19 கிலோஜூல் வேணும். மொத்தம் 1,570 கிலோஜூல். ஒரு யூனிட்னா 3,600 கிலோஜூல். ஆக, ஒரு வாளி வெந்நீர் 0.44 யூனிட். ரெண்டு வாளி ஊத்திக் குளிச்சா சார்ஜரோட ஒரு வருஷக் கணக்கு குளோஸ்!

ஷவர் இன்னும் மோசம். நிமிஷத்துக்கு 9 லிட்டர் கொட்டுற ஷவர்ல தண்ணிய 20 டிகிரி ஏத்தினா நிமிஷத்துக்கு 0.21 யூனிட். பத்து நிமிஷம் பாட்டுப் பாடினா ரெண்டு யூனிட் காலி. 6 லிட்டர் ஷவர் தலைய மாட்டுங்க, மூணுல ஒரு பங்கு மிச்சம். பாட்டையும் நிறுத்த வேண்டாம்.

அடுத்து, 15 லிட்டர் டேங்க் ஹீட்டர். 2,000 வாட் காயில் 20 டிகிரி தண்ணிய 60 டிகிரிக்குக் கொண்டுவர 21 நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டு வைக்கிறவங்க மீதி நேரம் பூரா பாத்ரூம் காத்தைச் சூடாக்கிட்டு இருக்காங்க. இன்னொண்ணு, பெரிய டேங்கை நாள் பூரா ஆன்ல வச்சிருந்தா மிச்சம் பிடிக்கிறேன்னு 60 டிகிரிக்குக் கீழ இறக்காதீங்க. வெதுவெதுப்பாத் தேங்குற தண்ணியில லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும்.

"உப்புப் படிஞ்சா ஹீட்டர் கரண்ட் அதிகம் குடிக்கும்"னு சொல்வாங்கல்ல? பெரும்பாலும் தப்பு. காயில் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு, அந்தச் சூடு வேற எங்க போகும்? தண்ணிக்குத்தான் போகும். உண்மையான சேதம் வேற. உப்பு ஓடு கட்டினா சூடு வெளிய போக முடியாம காயில் தன் சூட்டுலயே பொசுங்கும். மேல் உறை விரிசல் விட்டா தண்ணியில கரண்ட் கசியும். அதனால எர்த்தும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா சட்டுனு சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாம ஹீட்டரை ஓட்டவே கூடாது. உப்புத் தண்ணி வர்ற வீடுன்னா வருஷம் ஒரு தடவை ஆள் வச்சு டேங்கைக் கழுவுங்க. அப்படியே உள்ள, டேங்குக்குப் பதிலா தான் அரிச்சுப் போற மெக்னீசியக் கம்பியையும் பாக்கச் சொல்லுங்க. அது கரைஞ்சு நடுக்கம்பி தெரிஞ்சா மாத்தணும். இல்லைன்னா துரு அடுத்து டேங்கைத் தின்ன ஆரம்பிக்கும்.

ஃபேன் விஷயத்தை ஒரே வரியில முடிச்சிடுறேன்: சாதா சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது) 30 வாட் பக்கம்.

ஃப்ரிட்ஜா? கதவு இடுக்குல ஒரு தாளை வச்சுச் சாத்தி இழுங்க. லேசா வழுக்கி வந்தா ரப்பர் போச்சு.

[திரையில்: மீட்டர்ல மினுக்குற சிவப்பு லைட்]

நிஜத் திருடன் செட்டாப் பாக்ஸ் மாதிரி ஆளுங்கதான். ரிமோட்ல ஆஃப் பண்ணின பிறகும் பத்து வாட் இழுக்கிற பாக்ஸ் உண்டு. வருஷத்துக்கு 88 யூனிட்! நம்ம கணக்குல கிட்டத்தட்ட 200 வாளி வெந்நீர்!

உங்க வீட்டுல யார் திருடன்னு கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மீட்டர் முகப்புல 3200 இம்ப்/கிலோவாட் அவர்னு (imp/kWh, அதாவது ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல்) போட்டிருக்கா பாருங்க. ஃபேன், லைட், டிவி எல்லாத்தையும் எப்பவும் போல ஆஃப் பண்ணுங்க, பிளக்கைப் பிடுங்காதீங்க. ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் எத்தனை செகண்ட்னு எண்ணுங்க. 1,125ஐ அந்த செகண்டால வகுத்தா வாட் வந்துரும். 45 செகண்ட்னா 25 வாட். மீட்டர்ல 1600னு இருந்தா 1,125க்குப் பதிலா 2,250ஐ வகுங்க.

அஞ்சு பத்து செகண்டுக்கே மினுக்குதா? பதறாதீங்க, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடிட்டு இருக்கும். அது நின்னதும் திரும்ப எண்ணுங்க. அப்புறம் ஒவ்வொரு பிளக்காப் பிடுங்கிக்கிட்டே வாங்க, எதைப் பிடுங்கும்போது மினுக்கல் மெதுவாகுதோ அந்தப் பொருளோட பேரைக் கமென்ட்ல போட்டுருங்க மக்களே!