கிழங்குக்குப் போட்ட கொட்டையும் மரத்துக்குப் போட்ட கொட்டையும்

(ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தைய நாள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சேகர குரு ஐயரவர்களே, சபை ஊழியரே, பண்டிகைக்கென்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கிற பிள்ளைகளே, இந்தத் தேரி மண்ணை விட்டுப் போகாமல் இங்கேயே கிடந்து கோயிலைப் பார்த்துக்கொண்ட அண்ணன்மாரே, அக்காமாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இடையன்குடிக் கோயிலைப் பார்க்காதவர்கள் இங்கே அதிகம் இருக்க மாட்டீர்கள். மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1841ல் அந்த ஊருக்கு வந்தார். 1847ல் கோயில் வேலையைத் தொடங்கினார். பிரதிஷ்டை நடந்தது 1880ல். நடுவே 33 வருஷம். அஸ்திவாரத்துக்கு மண் சுமந்த ஒரு பெண்ணின் இடுப்பில் அன்றைக்கு ஒரு கைக்குழந்தை இருந்திருந்தால், கதவு திறந்த அன்று அந்தக் குழந்தைக்கே பிள்ளைகள் பிறந்திருக்கும். மண் சுமந்தவள் அந்த நாளைப் பார்த்தாளோ இல்லையோ. தான் உட்கார்ந்து பாட முடியுமா என்று தெரியாத ஒரு கோயிலுக்கு அவள் மண் சுமந்தாள். எனக்கு அங்கே கோபுரத்தைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் நினைப்புத்தான் வருகிறது.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பனையைப் பற்றி இந்த ஊரில் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் யோசியுங்கள். பனங்கொட்டையை நாம் இரண்டு விதமாகப் போடுகிறோம். பாத்தி கட்டி நெருக்கிப் போட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. தோண்டினோம், அவித்தோம், தின்றோம், முடிந்தது. அதே கொட்டையைத் தோட்ட ஓரத்தில் போட்டுவிட்டு அப்படியே விட்டால் மரம். ரொம்ப வருஷத்துக்கு அது ஒரு வடலியாக, குட்டிப் பனையாகத்தான் நிற்கும். பதநீர் இறங்க ஒரு தலைமுறை ஆகிவிடும். கொட்டை ஒன்றுதான். போட்டவன் மனசில் என்ன இருந்தது என்பதுதான் வேறு.

நம் பிள்ளைகளின் விசுவாசத்தை நாம் எதற்காகப் போட்டிருக்கிறோம்? ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொன்னால் பரிசு. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டு, சாயங்காலம் சுண்டல். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலையில் துண்டு கட்டிய மேய்ப்பன். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அந்தத் துண்டைக் கட்டியவன்தான். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் அது கிழங்கு. பேராயர் கை வைத்து முழுச் சபையாராகச் சேர்க்கிற திடப்படுத்தல் முடிந்த மறு ஞாயிறே பையன் கோயிலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நிற்கிறான் என்று வருத்தப்படுகிறோமே, நாம்தான் தோண்டி எடுத்துவிட்டோம்.

யோசுவாவோடு யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ரவேல் ஜனங்கள் பன்னிரண்டு கல்லை எடுத்துக் கில்காலில் நாட்டினார்கள். அழகுக்காக இல்லை. நாளைக்குப் பிள்ளைகள் வந்து, இந்தக் கல் என்ன என்று கேட்பார்கள், அப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று நாட்டினார்கள். ஆனால் நியாயாதிபதிகள் இரண்டாம் அதிகாரத்துக்கு வந்தால், யோசுவாவின் தலைமுறை போன பிறகு கர்த்தரை அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று என்று இருக்கிறது. வெகு தூரம் போகவில்லை, அடுத்த தலைமுறையே. என் மனசுக்குப் படுவது இதுதான்: கல் விழுந்துவிடவில்லை. கல்லைக் காட்டிச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. அல்லது, பிள்ளை கேட்டபோது யாரோ அதட்டி அனுப்பிவிட்டார்கள்.

அதட்டியவர்களில் நானும் ஒருவன். அப்போது என் மகளுக்குப் பதினாறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, “அப்பா, நீங்க எதுக்குக் கோயிலுக்குப் போறீங்க?” என்று கேட்டாள். துடுக்குத்தனம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், முகத்திலேயே தெரிந்தது. நான், “கேள்வி கேட்டுக்கிட்டு நிக்காத, ரெண்டாம் மணி அடிச்சாச்சு, கிளம்பு” என்றேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினவன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதில் தயாராக இல்லை என்பதுதான் உண்மை. அதன் பிறகு அவள் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. இப்போது தூர ஊரில் இருக்கிறாள், வருஷத்துக்கு இரண்டு தரம் கோயிலுக்குப் போகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

சரி, எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பிடியரிசி. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். மழை பொய்த்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் கஞ்சிதான், அதுவும் ஒரு நேரம். அன்றைக்கும் அவள் கை அந்தப் பானைக்குப் போயிற்று. எனக்குப் பசி. “ஆச்சி, இன்னைக்கு வேண்டாமே” என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. “நமக்கு இருக்கும்போது மட்டும் குடுத்தா அது மிச்சம்லா, காணிக்கையா?” என்றாள். அவ்வளவுதான். அந்தப் பிடி அரிசி பானையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் ஐயா பனையேறி. விடிலியில், அந்த ஓலைக் குடிசையில், அம்மா பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவாள். சீனி மலிந்த காலத்தில், கருப்பட்டியில் சீனி கலந்தால் எடை கூடும் என்று வாங்குகிறவர்களே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் கலந்தார்கள். ஐயா கலக்கவில்லை. அதனால் எங்களுக்கு லாபம் ஒன்றும் வரவில்லை, கடன்தான் கூடிற்று. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, இந்த மனுஷன் பேசுவது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். பகலில் பார்த்திருக்கிறேனே. நம் வேதத்தில் “உண்மையுள்ளவன்” என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். கல்லறைத் தோட்டத்தில் எத்தனை கல்லில் வெட்டியிருக்கிறோம். நம்புவது ஒன்று, நம்பினதற்கு உண்மையாய் இருப்பது இன்னொன்று. முதலாவதை வாயால் சொல்லிக்கொடுத்துவிடலாம். இரண்டாவதைப் பிள்ளை கண்ணால்தான் படிக்கும்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் மற்றதையும் பார்க்கிறார்கள். சபைத் தேர்தல் வந்தால் ஒரே தெருவில் பேச்சுவார்த்தை நின்றுபோவதைப் பார்க்கிறார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கினவர்கள் கோர்ட்டு வாசலில் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கிறார்கள். கல்யாணம் பேசும்போது வேதம் எங்கே போகிறது, சாதி எங்கே வருகிறது என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இளைஞர் கூட்டத்தில் ஒரு பையன் இதைக் கேட்டால் அவனைக் கலகக்காரன் என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து. அவன் இன்னும் போகவில்லை, அதனால்தான் கேட்கிறான்.

அப்புறம், நம் சொந்தக் கதையை நாம் சொல்வதே இல்லை. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மாள் 1778ல் ஞானஸ்நானம் பெற்றபோது, அவர் ஒரு விதவை, அக்கிரகாரத்துக்கு ஆகாதவர். 1780ல் அந்தச் சபையின் பதிவேட்டில் இருந்தது 40 பேர். நாற்பதே பேர்! அதிலிருந்து ஆரம்பித்துத்தான் இவ்வளவும். 1799ல், விசுவாசத்துக்காக அடிபட்டு ஓடிவந்தவர்கள் குடியிருக்க வாங்கின நிலம்தான் முதலூர். 1903ல் நம் ஜனங்கள் தங்கள் காசைப் போட்டு, இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, மொழி தெரியாத தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவர் வீட்டில் பிறந்த அசரியா அதற்காக உழைத்து, 1912ல் அங்கேயே பேராயர் ஆனார். இதையெல்லாம் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை, நாம் சொன்னால்தானே தெரியும்.

சென்னையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்று கூச்சப்பட்டு அவர்களை ஊருக்குக் கொண்டுவராமல் இருக்காதீர்கள். வேதத்தில் லோவிசாள் பாட்டியின் விசுவாசம் பேரன் தீமோத்தேயுவுக்கு வந்தது ஒரே வீட்டுக்குள். பாட்டி பக்கத்தில் நாலு நாள் படுத்துத் தூங்கட்டும்.

நாளைக் காலை ஆராதனை முடிந்ததும், நம் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை வெளியே எடுத்து மேஜைமேல் வைப்பதற்கு ஐயரவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா பேர், பூட்டன் பேர் அதில் இருக்கும். அவர் யார், எந்த வேலை செய்தார், எதற்காக இங்கே வந்து சேர்ந்தார், உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கிற வயசானவரிடம் கேளுங்கள், நானும் அங்கேதான் இருப்பேன். அசனத்துக்கு, சபையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, பந்தி போடுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள். தாள் ரொம்பப் பழசு, தொட்டால் நொறுங்கும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள்.