போனால் எவ்வளவு போகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

துணிந்து இறங்கி ஜெயித்தவர்களைத்தான் நாம் மேடையில் ஏற்றுகிறோம். அதே துணிச்சலோடு இறங்கி எல்லாவற்றையும் விட்டவர்களுக்கு யாரும் மைக் தருவதில்லை. அதனால் துணிச்சலைப் பற்றி நம் காதுக்கு வருவது எப்போதும் பாதிக் கணக்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கதை கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1929ஆம் வருடம். ஜெர்மனியில் பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே என்ற ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்று ஓர் இளம் டாக்டர். கையிலுள்ள ரத்தக் குழாய் வழியாகவே ஒரு மெல்லிய ரப்பர் குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோகலாம் என்பது அவர் எண்ணம். இதயத்தை வெளிப்பொருள் தொட்டாலே ஆள் பிழைக்கமாட்டார் என்று டாக்டர்களே பயந்த காலம் அது. மேலதிகாரி கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

கருவிகள் இருந்த அலமாரியின் சாவி ஒரு நர்ஸிடம் இருந்தது. பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். அந்த அம்மா சாவி கொடுத்ததோடு நிற்கவில்லை, 'என் மேலேயே செய்து பாருங்கள்' என்றும் சொல்லிவிட்டார். (அவருடைய துணிச்சலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் தனி வருத்தம்.) சரி என்று அவரை மேசையில் படுக்கவைத்துக் கைகால்களைக் கட்டினார் டாக்டர். கட்டிவிட்டு, அவருக்குத் தெரியாமல் தன் முழங்கையை மரத்துப்போக வைத்து, வெட்டி, குழாயைத் தன் ரத்தக் குழாய்க்குள் செலுத்திக்கொண்டார்! பிறகு நர்ஸின் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, கையில் குழாயோடு எக்ஸ்ரே அறைக்குப் படியிறங்கி நடந்தார். அங்கே சக டாக்டர் ஒருவர் குழாயைப் பிடுங்க வர, அவருக்கு ஓர் உதை. மொத்தம் 65 சென்டிமீட்டர் உள்ளே போயிருந்தது. படத்தில் குழாயின் நுனி இதயத்துக்குள் தெரிந்தது.

அசட்டுத் துணிச்சல் என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிரெஞ்சு ஆய்வாளர்கள் குதிரையின் கழுத்து ரத்தக் குழாய் வழியாக அதன் இதயத்துக்குள் குழாய் விட்டதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். குதிரை பிழைத்திருந்தது. மனிதருக்கு என்ன ஆகும் என்பது மட்டும்தான் தெரியாது. இன்னொன்று, போனால் போவது அவருடைய உயிர். அந்த நர்ஸ் மேல் அவர் குழாயை விட்டிருந்தால், இன்று நான் அவரைப் பற்றி வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் போனால் எவ்வளவு போகும், யாருடையது போகும், இந்த இரண்டையும் பெரும்பாலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம். நாம் செய்வது நேர்மாறு. வரப்போகும் லாபத்தை மணிக்கணக்காகப் பேசுகிறோம். முதலுக்கே மோசம் வருமா என்று கேட்பவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறோம். வீட்டாருடைய சேமிப்பை எடுத்துக்கொண்டு 'நான் ரிஸ்க் எடுக்கிறேன்' என்கிறார்களே, ரிஸ்க் எடுப்பது யார்? மறுபடி சொல்கிறேன்: எவ்வளவு போகும், யாருடையது போகும்.

சரி, ஃபோர்ஸ்மானுக்கு என்ன கிடைத்தது? பெர்லினில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், அங்கே நிலைக்க முடியவில்லை. இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீரகச் சிகிச்சைப் பக்கம் போய்விட்டார். 1956இல், வேறு இருவரோடு சேர்த்து, நோபல் பரிசு வந்தது. 1935இல் கேட்டிருந்தால் 'தோற்றவர்' என்றிருப்பார்கள், 1956இல் 'மேதை' என்றார்கள். இரண்டுக்கும் காரணம் 1929இல் செய்த அதே ஒரு காரியம். ஜெயித்ததால் முடிவு சரி, தோற்றதால் முடிவு தப்பு என்று பேசுவது எனக்கு ஒப்பாதது இதனால்தான்.

இப்போது இரண்டு பானைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றில் 50 சிவப்புக் கோலி, 50 கறுப்பு. மற்றதிலும் 100தான், ஆனால் எது எத்தனை என்று தெரியாது. சிவப்பு வந்தால் பரிசு என்றால் பெரும்பாலோர் முதல் பானைக்குள்தான் கையை விடுவார்கள். கறுப்புக்குப் பரிசு என்று மாற்றினாலும் அதே பானைதான்! இரண்டாவதில் சிவப்பு குறைவு என்று பயந்தால், கறுப்பு அதில் அதிகம் இருக்கவேண்டுமே? 1961இல் டேனியல் எல்ஸ்பெர்க் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எழுதிய புதிர் இது. கணக்கு இல்லை இதில். தெரியாதது என்றாலே நமக்கு ஒரு கூச்சம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். காலை விடாமல் ஆழம் எப்படித் தெரியும்? ஒரு காலை விட்டுப் பார்க்கலாம், இரண்டையும் சேர்த்து விடவேண்டாம்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். துணிந்து இறங்கிய காரியத்திலிருந்து எப்போது திரும்பி வருவது என்பதற்குத்தான் நிறையக் குறிப்பு வைத்திருந்தேன். சுருக்கமாக ஓர் உதாரணம், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம். 1962இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. செலவு பல மடங்கு ஏறியும் நிறுத்தவில்லை. விமான நிறுவனங்களின் சேவைக்கு வந்தவை மொத்தம் 14. இத்தனை போட்டுவிட்டோமே என்று மேலும் போட்டார்கள். திரும்பும் இடத்தை இறங்குமுன்பே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும், இறங்கியபின் மனது விடாது. அதை எப்படிக் குறிப்பது என்பதற்கு இன்று நேரமில்லை. வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.