ஆலை மூடிய நிலத்தில் யாருக்கு வீடு?

நேயர்களுக்கு வணக்கம். பெருநகரங்களில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஆலை நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆளுயரப் புதர். மதிலுக்கு வெளியே பஸ், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை என்று எல்லாமே இருக்கின்றன. வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்களோ நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றன. வயலையும் ஏரியையும் மனையாக்குவதைவிட, இந்த நிலங்களில் வீடு கட்டுவதுதான் முறை.

ஆனால், முதலில் மண்ணில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் பதனிட்ட இடத்தில் குரோமியம் இருக்கலாம். பேட்டரி செய்த இடத்தில் ஈயம். எண்ணெய்க் கிடங்கில் பென்சீன். இயந்திரம் கழுவிய சில கரைப்பான்கள் மண்ணுக்குள் ஆவியாகி, தரை விரிசல் வழியே படுக்கையறைக்கே வந்துவிடும்.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில், வெட்டிப் பாதியில் விட்ட லவ் கெனால் என்ற கால்வாயில் இரசாயனக் கழிவைக் கொட்டி மூடினார்கள். 1953இல் அந்த நிலம் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்தின் கைக்கு மாறியது. பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. பிறகு அந்த வீடுகளின் நிலவறைகளில் கழிவு கசிந்தது. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதிக்க வேண்டும். அதற்கும் முன்னால், அங்கே வேலை பார்த்த தொழிலாளிகளைக் கேட்க வேண்டும். கழிவு எந்த மூலையில் கொட்டப்பட்டது என்பது பல நேரம் அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அடுத்தது பணம். மண்ணைச் சுத்தம் செய்ய நிறையச் செலவாகிறது, எனவே எளியவர்களுக்கான வீடுகளைக் குறைத்துக்கொள்கிறோம் என்று கட்டுநர்கள் கேட்பது வழக்கம். இதை நான் ஏற்க மாட்டேன். அந்தச் செலவு நிலத்தின் விலையில் கழிக்கப்பட வேண்டியது. நஞ்சுள்ள நிலத்தை நல்ல நிலத்தின் விலைக்கு விற்றுவிட்டு, வித்தியாசத்தை வீடில்லாதவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

மும்பையின் பஞ்சாலை நிலங்களில் நடந்ததைப் பாருங்கள். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பல ஆலைகள் மீளவே இல்லை. 1991இல் வந்த நகர வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும், இன்னொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் ஒதுக்கியது. 2001இல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் ஏதும் நிற்காத காலி இடத்தில் மட்டும் பங்கு கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது. ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடம்தானே! பொதுமக்களின் பங்கு சுருங்கிப்போனது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு நிலத்துக்கு அனுமதி கேட்டிருந்தால், மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குறைந்த வருவாயினருக்கு எத்தனை வீடு என்ற எண்ணிக்கையும், எந்த வாடகைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதும் அனுமதி ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.