தெரிவித்த மருத்துவருக்கு யார் தெரிவிப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் தனியார் மருத்துவர்களும் இருக்கிறீர்கள், சுகாதாரத் துறையினரும் இருக்கிறீர்கள். இரு தரப்பிடமும் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது.

காசநோய் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012 மே மாதம் உத்தரவு வந்தது. 2018-இல், தெரிவிக்கத் தவறினால் சிறைத் தண்டனை வரை போகலாம் என்றார்கள். பதிவு செய்தால் 500 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. மிரட்டியும் பார்த்தாயிற்று, காசு கொடுத்தும் பார்த்தாயிற்று. இன்னும் பதிவில் விடுபடுகிற நோயாளிகள் இருக்கிறார்களே, ஏன்?

இரவு எட்டரை மணி கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். வெளியே டோக்கனோடு கூட்டம். உள்ளே சளிப் பரிசோதனை முடிவோடு ஓர் இளம்பெண். "பேரை மட்டும் எங்கேயும் எழுதிடாதீங்க டாக்டர், இவளுக்கு நிச்சயம் ஆகியிருக்கு" என்கிறார் அம்மா. காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளமோ பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் கேட்கிறது. பதிந்தால் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருவார். தெருவே எட்டிப் பார்க்கும். பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடுவாளோ என்று மருத்துவர் தயங்குகிறார். இந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பதியாவிட்டால் அந்த வீட்டுக் குழந்தைகளைப் பரிசோதிக்க யாரும் வரமாட்டார்கள். அவளுக்குச் சேரவேண்டிய ஊட்டச்சத்து உதவித்தொகையும் சேராது. அதனால் பதியத்தான் வேண்டும். சுகாதாரத் துறை நண்பர்களே, போவதற்கு முன் போன் செய்யுங்கள். எங்கே சந்திக்கலாம் என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

சரி, பதிந்தாயிற்று. அப்புறம்? அனுப்பிய தகவல் என்ன ஆனது என்றே தெரியவில்லை என்று பல மருத்துவர்கள் வருத்தப்படுகிறார்கள். நியாயமான வருத்தம். இதற்கு வழி வெளிநாட்டில் தேட வேண்டாம். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை நடத்திக் காட்டினார்கள். தபால்தலை ஒட்டத் தேவையில்லாத ஓர் அட்டை. சில விவரங்களை எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். தனியார் மருத்துவமனைகளும் போட்டன. மாவட்டத்தில் என்னென்ன நோய் தென்படுகிறது என்ற செய்திமடல் மாதந்தோறும் அவர்களுக்குத் திரும்பி வந்தது. அடுத்து வரும் காய்ச்சலில் எதைச் சந்தேகிப்பது என்று படித்த மருத்துவருக்குப் புரிந்தது. எழுதுவது வீண் இல்லை என்பதும் புரிந்தது.

மாவட்ட அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாதம் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் வந்தால்கூடப் போதும், உங்களுக்குத் தகவல் தந்த ஒவ்வொரு மருத்துவருக்கும் அனுப்புங்கள்.