நீர் போகும் வழியைக் கேட்டுவிட்டு மனை அளப்போம்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பள்ளித் திடலை மனமுவந்து தந்ததோடு நாற்காலிகளையும் கூடவே நின்று வரிசைப்படுத்திய தலைமையாசிரியர் அவர்களே, பாசன சங்கத்துப் பெரியவர்களே, எனக்கு முன் தெளிவாகப் பேசி அமர்ந்த வழக்கறிஞர் அவர்களே, வேலைத்தளத்திலிருந்து நேராக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்த வைத்திருந்த துண்டை, இந்த ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து பங்கிட்ட கடைசி நீர்க்கட்டியாக இருந்து இன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்குப் போர்த்துங்கள் என்று கேட்டேன். உடனே இசைந்த விழாக் குழுவினருக்கு என் நன்றி.

கிராமத்தில் மனைப்பிரிவு வந்தால் தண்ணீருக்கு என்ன ஆகிறது, விளைநிலத்துக்கு என்ன ஆகிறது, ஊர் உறவுக்கு என்ன ஆகிறது என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். தண்ணீரில் தொடங்குகிறேன். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது என் தாத்தா வாயில் நாளுக்கு இரண்டு முறையாவது வரும். மழைக்காலம் நெருங்கினால் அவர் மண்வெட்டியோடு வாய்க்காலைச் சுற்றிவருவார். தண்ணீர் எங்கே வரும் என்று தெரிந்தவன்தான் அணை போட முடியும் என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் மேலேரி, கீழேரி என்று இரண்டு ஏரிகள். மேலேரி நிறைந்து, மிகுதி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் தாழ்வான சில வயல்களைக் கடந்து கீழேரிக்குப் போகும். அந்த வயல்கள் கைமாறின. செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். முப்பது அடிச் சாலை, வெள்ளையடித்த எல்லைக்கல், நுழைவாயிலில் வளைவு. விற்பனை நாளில் வேன் வைத்துக் குடும்பம் குடும்பமாக அழைத்துவந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வேனை மறித்து, ‘இது தண்ணீர் போகிற இடம், வாங்காதீர்கள்’ என்று சொல்லிப் பார்த்தார். மனை விற்றவர் தன்மையாகவே பதில் சொன்னார்: ‘ஐயா, வரைபடத்தில் இங்கே வாய்க்காலே இல்லை.’ அவர் சொன்னது பொய்யில்லை. பெரியவர் பேசாமல் விலகிக்கொண்டார்.

நான்காவது வருடம் கார்த்திகையில் மூன்று நாள் மழை. மேலேரி வழிந்தது. மாட்டு வண்டி இறங்கி ஏறும் அகலத்துக்கு ஓடிய தண்ணீர், சாலைக்கு அடியில் புதைத்திருந்த ஒன்றரை அடி சிமெண்டுக் குழாய்க்குள் எப்படி நுழையும்? இரவு இரண்டு மணிக்கு வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் நான் போனபோது ஒரு தாய், மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைத் தாள் தாளாகப் பிரித்து மாடிக் கொடியில் துணி மாட்டும் கிளிப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார். ‘இருபது வருடக் கடன் சார் இந்த வீடு’ என்றார். அங்கிருந்து நேராகக் கீழேரிக்குப் போனேன். கரையில் நின்றால் தரை தெரிகிறது. பாதி கூட நிறையவில்லை. ஒரே இரவில், ஒரே மழையில், மேலே வீடு மூழ்கியது. கீழே ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டு காய்ந்தது. அந்த வருடம் கீழேரிப் பாசனத்தில் நடவு நடக்கவில்லை.

கணக்குச் சின்னதுதான். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். வயல், வரப்புக்குள் அதைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும். கூரையும் சிமெண்டுத் தரையும் அதில் பெரும்பகுதியை உடனே வெளியே தள்ளிவிடும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்றானது. கட்டணம் செலுத்தியதால் பள்ளம் மேடாகிவிடுமா? ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் ஒரு சட்டம் வந்தது. அது ஏரியைக் காக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியோ பல இடங்களில் பட்டா நிலத்துக்குள் இருக்கிறது. புறம்போக்கு வாய்க்காலுக்குப் புல எண் உண்டு, கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் ஒரு பதிவு உண்டு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் புரளும் பட்டா நிலத்துத் தாழ்வுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை. அது இந்த ஐயாவைப் போன்றவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். அவற்றின் நீர்வழியைக் காலால் நடந்து அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் ஊர் ஊராகப் போய் இந்த ஒரே கோரிக்கையை வைக்கிறேன். எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி தருமுன் அதன் வரைபடத்தைக் கிராம சபையில் விரித்து வைக்க வேண்டும். தண்ணீர் போகும் தடத்தை ஊரார் அதில் கோடிட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோட்டின்மேல் மனை விழக் கூடாது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறதே, அந்தப் பத்து சதவீதத்தை நீர்த்தடத்தின் மேலேயே ஒதுக்கட்டும். விற்பவருக்கும் பெரிய நட்டமில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்பதற்கு இன்றைக்கு இதுதான் பொருள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளைநிலம், மேய்ச்சல், கிணற்றை ஒட்டித் தோண்டும் கழிவுநீர்க் குழி, புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் ஊருக்கும் பேச்சு இல்லாத நிலை ஆகியவை பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும்: வீடு வாங்கி வந்தவர்கள் நமக்குப் பகையில்லை. புத்தகம் காயவைத்த அந்தத் தாயும் அடுத்த கிராம சபையில் நம்மோடு உட்கார வேண்டியவர்தான்.

நவம்பர் 1 அன்று கிராம சபை. தீர்மான வாசகம் வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அதற்கு முன், வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, நீர்த்தடத்தைக் காட்ட ஐயா கலங்கலிலிருந்து நடக்கத் தொடங்குகிறார். கூடவே சுண்ணாம்புப் பொடியோடு இளைஞர்கள் நாலு பேர் வேண்டும். நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகல்களை நான் எடுத்துவருகிறேன். வணக்கம்.