எந்த டிரைவ் எந்தத் தகட்டைப் படிக்கும்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

சிடி எனப்படும் குறுந்தகடு, டிவிடி போன்ற ஒளித்தகடுகளின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். கடைகளைப் பார்த்தால் அது சரியாகப் படலாம். வீட்டு அலமாரிகளைத் திறந்தால் கதை வேறு. திருமண நிகழ்ச்சி, குழந்தையின் முதல் நடை, மறைந்துபோன பெரியவர்களின் குரல் எல்லாம் இன்னமும் தகடுகளில்தான் இருக்கின்றன. புதிய கணினிகளில் பெரும்பாலும் தகட்டைப் படிக்கும் டிரைவ் கிடையாது. தனியாக ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் எதை வாங்குவது என்று தடுமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

குறுந்தகடு, டிவிடி, புளூரே மூன்றுக்கும் விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். வேறுபாடெல்லாம் உள்ளேதான். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. புளூரேவுக்கு 405 நானோமீட்டர் நீலஊதா. அலைநீளம் குறையும்போது ஒளிப்புள்ளி சிறுக்கிறது, தரவு பதியும் தடங்களையும் நெருக்கி அமைக்க முடிகிறது. குறுந்தகட்டில் தடத்துக்குத் தடம் 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74, புளூரேயில் 0.32. சுமார் 700 மெகாபைட் கொண்ட அதே பரப்பில் முதலில் 4.7 கிகாபைட்டும், பிறகு 25 கிகாபைட்டும் அடங்கியது இப்படித்தான்.

தரவு பதிந்திருக்கும் ஆழமும் ஒன்றல்ல. டிவிடியில் அது தகட்டின் நடுவில், இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டப்பட்ட இடத்தில் இருக்கிறது. புளூரேயில் படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டரிலேயே வந்துவிடுகிறது. குறுந்தகட்டிலோ மறுபுறத்தில், பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துவிட்டு, மேல்பக்கத்தில் கூர்முனைப் பேனாவால் அழுத்தி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிவிடி கருவிகள் வந்த புதிதில் ஒரு குழப்பம் இருந்தது. கடையில் வாங்கிய பாட்டுக் குறுந்தகடு பாடும். அதை நகலெடுத்த சிடி-ஆர், அதாவது நாமே எழுதும் குறுந்தகடு, சில கருவிகளில் பாடாது. தகடு மட்டம் என்றே பலரும் முடிவு கட்டினார்கள். உண்மையான காரணம் சிடி-ஆரில் பூசியிருக்கும் சாயம். அகச்சிவப்பு ஒளிக்கென்று உருவாக்கப்பட்ட அந்தச் சாயம் டிவிடியின் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும்; படிக்கும் அளவுக்கு ஒளி திரும்பி வராது. அதனால் டிவிடி டிரைவுக்குள் குறுந்தகட்டுக்கென்றே இன்னொரு லேசரை வைக்க வேண்டியதாயிற்று. புதிய டிரைவ் பழைய தகட்டைப் படிப்பது தானாக அமைவதன்று, யாரோ யோசித்துச் செய்துவைத்த ஏற்பாடு. தொடக்க காலப் புளூரே கருவிகளில் குறுந்தகட்டை அறவே படிக்காதவையும் உண்டு.

படிப்பது வேறு, எழுதுவது வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 'காம்போ' என்ற பெயரில் வந்த டிரைவ் டிவிடியைப் படிக்கும்; எழுதுவது குறுந்தகட்டில் மட்டும். புளூரேயைப் படித்துவிட்டு, எழுதுவதை டிவிடியோடு நிறுத்திக்கொள்ளும் டிரைவ்களும் இருக்கின்றன. ஒருகாலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட டிவிடி பிளஸ் ஆர், மைனஸ் ஆர் என்ற இரண்டு வகை எழுதும் தகடுகளின் போட்டியைப் பற்றி இன்று கவலை வேண்டாம், இப்போதைய டிரைவ்கள் இரண்டையும் ஏற்கின்றன. பலமுறை அழித்து எழுதக்கூடிய டிவிடி-ராம் மட்டும் தனி. எல்லா டிரைவ்களும் அதை ஏற்பதில்லை. உங்களிடம் அந்தத் தகடு இருந்தால் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அப்படியே, 100 அல்லது 128 கிகாபைட் புளூரேயில் எழுத நினைப்பவர்கள் பிடிஎக்ஸ்எல் என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேகத்தைக் குறிக்கும் 'எக்ஸ்' எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். குறுந்தகட்டில் ஓர் எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட், டிவிடியில் ஏறத்தாழ 1.4 மெகாபைட், புளூரேயில் 4.5 மெகாபைட். ஆகவே 52 எக்ஸ் குறுந்தகட்டைவிட 16 எக்ஸ் டிவிடி வேகமானது.

பழைய வீடியோ கேமராக்கள் பதிவுசெய்த 8 சென்டிமீட்டர் சிறு டிவிடி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்திகள் உண்டு. தட்டு வெளியே வரும் டிரைவில் சிறு தகட்டுக்கென்று உள்வட்டப் பள்ளம் இருக்கும், அதில் வையுங்கள். தகட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போடாதீர்கள், சிக்கிக்கொள்ளக்கூடும். அடுத்தது, பதிவு முடிந்ததும் 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை நிறைவுசெய்யாமல் விட்ட தகடு மற்ற கருவிகளில் வெற்றுத் தகடுபோலத் தெரியலாம். காட்சிகள் அழிந்துவிட்டன என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பதிவுசெய்த கேமரா இன்னும் இயங்குகிறது என்றால், தகட்டை மறுபடியும் அதிலேயே போட்டு, மெனுவில் ஃபைனலைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்களில் அது முடிந்ததும் தகட்டைக் கணினிக்குக் கொண்டுவந்து, உடனே நகலெடுத்துவிடுங்கள்.

வணக்கம்.