டிஸ்லைக் இல்லாமல் அடாவடியை அடக்க முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காக டெலிகிராம் குழு நடத்தும் ஒரு நண்பர் அனுப்பியது. “யாராவது எளிமையான சந்தேகம் கேட்டால் நாலு பேர் சேர்ந்துகொண்டு கட்டைவிரலைக் கீழே காட்டுகிறார்கள். அந்த ரியாக்‌ஷனையே எடுத்துவிட்டோம். இனி அடாவடி செய்பவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது?” என்று கேட்கிறார்.

எடுத்தது நல்லதுதான். கேள்வி தப்பா, கேட்ட விதம் பிடிக்கவில்லையா, கேட்ட ஆளையே பிடிக்கவில்லையா? மூன்றுக்கும் அதே கட்டைவிரல்தான். வாங்கியவர் எதைத் திருத்திக்கொள்வார்? யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தபோது, கூட்டமாக வந்து டிஸ்லைக் குத்துவதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். (இந்த வீடியோவின் எண்ணிக்கை எனக்கு மட்டும் தெரியும், அதைக் கேட்காதீர்கள்.)

2014-ல் ஜஸ்டின் செங் என்பவரும் மற்ற ஆய்வாளர்களும் சிஎன்என் உட்பட நான்கு தளங்களின் பின்னூட்டங்களை ஆராய்ந்தார்கள். மைனஸ் ஓட்டு, அதாவது டிஸ்லைக் மாதிரி எதிர் ஓட்டு, வாங்கியவர்கள் அடங்கவில்லை. முன்பைவிட அதிகமாக எழுதினார்கள், எழுத்தின் தரமும் இறங்கியது, மற்றவர்களுக்கும் மைனஸ் போட ஆரம்பித்தார்கள். அதிகம் விலகிப்போனது யார் என்றால், யாருமே கண்டுகொள்ளாதவர்கள்.

சரி, மைனஸ் ஓட்டே இல்லாமல் நடக்கும் பெரிய இடம் எது? விக்கிப்பீடியா. அங்கே யார் வேண்டுமானாலும் கட்டுரையைக் கெடுக்கலாம். ஆனால் பழைய வடிவங்கள் எல்லாம் அந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் இருப்பதால், கெடுப்பதைவிடச் சரிசெய்வது சுலபம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் அப்படித்தான். ஆங்கில விக்கியில், ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மாற்றிப் போட்டால் தடை வரலாம். ‘நான் சொன்னதுதான் சரி’ என்ற வாதம் பொதுவாக எடுபடாது. யார் தடுத்தார், ஏன், எவ்வளவு காலம் என்பதைப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். அங்கே வழக்கமாகக் கொடுக்கும் தடைக்காலங்களில் ஒன்று 31 மணி நேரம். சும்மா விளையாட வருகிறவன் பெரும்பாலும் மறுநாளும் அதே நேரத்தில்தான் வருவான். 24 மணி நேரம் கொடுத்தால் சரியாக அவனுக்குக் கதவு திறந்துவிடும்!

உங்கள் குழுவுக்கு வருகிறேன். ‘மரியாதையாகப் பேசவும்’ என்று எழுதி வைப்பதால் பிரயோஜனமில்லை, எல்லோரும் தாங்கள் மரியாதையாகத்தான் பேசுவதாக நினைக்கிறார்கள். செயலைச் சொல்லுங்கள்: சாதியை இழுத்தால், ஒருவரின் போன் நம்பரைப் போட்டால், ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேலி செய்தால் பதிவு நீக்கப்படும். இதை மேலே பின் செய்யுங்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் பகுதியில் நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். உரையாடலின் தலையிலேயே விதிகளைப் போட்டதும் புதியவர்கள் விதியை மீறுவது குறைந்தது. பயந்து ஓடவும் இல்லை, சுமார் 70 சதவீதம் அதிகமாகப் பேச வந்தார்கள். எனக்கு ஆச்சரியம் இந்த இரண்டாவது விஷயம்தான்.

சண்டை சூடானால் டெலிகிராமில் இருக்கும் ஸ்லோ மோடைப் போடுங்கள். ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் ஒரு மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. குழுவில் நல்ல பிள்ளையாக இருந்துகொண்டு, பெண்களின் இன்பாக்ஸில் போய்த் தொல்லை கொடுப்பவர் இருப்பார். எத்தனை டிஸ்லைக் பட்டன் இருந்தாலும் அவர் சிக்கமாட்டார். அட்மின்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். புகாரை யாருக்கு அனுப்புவது என்பதையும் பின் செய்த பதிவிலேயே போடுங்கள். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வரக்கூடாது. நீக்கப்பட்டவர் நியாயம் கேட்டு வந்தால், நீக்கிய அட்மின் இல்லாமல் வேறொருவர் விசாரிக்கட்டும். டெலிகிராமில் யார் யாரை நீக்கினார், எதை அழித்தார் என்று அட்மின்களுக்குக் காட்டும் ரீசண்ட் ஆக்‌ஷன்ஸ் பட்டியல் 48 மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.